சம்பந்தி வீட்டு வாடகை – 14. நிரம்பிய கிண்ணம்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ராபிகாவின் வாய் போன ஞாயிற்றுக்கிழமை, பேரனின் நாற்பதாம் நாள் விருந்தில் திறந்தது. இன்று வெள்ளிக்கிழமை. படுத்தாலும் எழுந்தாலும், அங்கே தான் பேசியதுதான் அவள் காதில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்படி என்ன பேசிவிட்டாள்? குழந்தையை நாற்பது கரண்டித் தண்ணீரில் குளிப்பாட்டி முடித்து, பெண்கள் எல்லோரும் இறைச்சித் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அப்போது சம்பந்தியம்மா ஷரிபா கேட்டாள்.

"ஏன் சம்பந்தி, நீங்க புரோக்கர் ஆபீஸ்ல இருக்கீங்களே, ரெண்டு ரூம் வீடு இப்ப என்ன போகுது?"

எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவில் சண்டைக்கு ஆள் பிடிக்கும் உத்தரவு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குத் தப்பி, பையைத் தூக்கிக்கொண்டு எல்லையோரத்து ஓரல் நகரத்துக்குள் வந்து இறங்கியவர்களுக்குக் கணக்கில்லை. ஊரில் எந்த வாயைத் திறந்தாலும் வாடகைப் பேச்சுதான். பத்துப் பெண்கள் தன் முகத்தையே பார்க்கிறார்கள் என்ற பெருமை ராபிகாவுக்கு.

"மாசம் மூணரை லட்சம் தெங்கே. ஆஸ்பத்திரிப் பக்கம்னா இன்னும் கூடவே கேக்கலாம்."

"இருக்கிறவங்கள எப்படிக் கெளப்புறாங்களாம்? பாவமா இருக்காதா?"

"அதுக்கு ஒரே வார்த்தைதான் சம்பந்தி. 'எங்க சின்னவன் வர்றான், அவனுக்கு வீடு வேணும்'னு சொன்னா முடிஞ்சது. சொந்தபந்தம் பேரச் சொன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. வீட்டுக்காரங்க எல்லாருக்கும் நான் இதத்தான் சொல்லித் தர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ராபிகாவும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சுரீரென்று உறைத்தது. இதுவும் ரெண்டு ரூம் வீடு. இதுவும் ஆஸ்பத்திரிப் பக்கம். குடியிருப்பது அவளும் அவள் புருஷன் கைரொல்லாவும். வீட்டின் சொந்தக்காரி, கேள்வி கேட்ட அதே ஷரிபா.

வாடகை தொண்ணூறாயிரம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கைரொல்லாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, சொந்த வீட்டை விற்றுத் தலைநகர ஆஸ்பத்திரிகளுக்குக் கொட்டினார்கள். கொட்டியது போனது, நோய் மட்டும் நின்றது. வாரத்தில் மூன்று நாள் நாலு மணி நேரம் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிற மனிதருக்கு, நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு வேண்டியிருந்தது. மகள் அய்னாஷின் மாமியாரிடம் காலியாக ஒன்று இருந்தது. "மருமகன் நூறு வருஷம், சம்பந்தி ஆயிரம் வருஷம்னு சொல்லுவாங்க. எடுத்துக்கோங்க" என்று சாவியைக் கொடுத்தவள் ஷரிபாதான்.

ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதே ராபிகாவின் பிழைப்பு. தனக்கென்று வந்தபோது ஒரு துண்டுக் காகிதம் எழுதவில்லை. சம்பந்தியிடம் எழுதி வாங்குவதா? வெட்கக்கேடு. யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

காலை ஆறரைக்கே தொலைபேசி ஆரம்பித்துவிட்டது. ஒரு அறை போதும் என்றார்கள் சிலர். தரை இருந்தால் போதும் என்றார்கள் சிலர். காலையில் போட்ட விளம்பரத்தின் விலையை மத்தியானத்துக்குள் இரண்டு தடவை ஏற்றுகிறார்கள் வீட்டுக்காரர்கள். ஆபீஸ் முதலாளிக்குப் பத்து நாளில் ஆறு மாதக் கமிஷன். ராபிகாவுக்கு எப்போதும் போல மாதச் சம்பளம், அதோடு தொண்டைக் கட்டு.

"அந்த போனக் கொஞ்சம் கவுத்து வை" என்றார் கைரொல்லா, அடுப்படி மேஜையில் உட்கார்ந்தபடி. "காதுக்குள்ள ரஷ்யாவே குடி வந்த மாதிரி இருக்கு."

அவர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். உடம்பு வற்றிவிட்டது, வாய் வற்றவில்லை. ராபிகா அவருக்கு டீ ஊற்றினாள். தண்ணீர் அதிகம் சேரக்கூடாது என்று டாக்டர் அளந்து கொடுத்த கணக்கு. கால் கிண்ணத்துக்கு மேல் ஒரு சொட்டுக் கிடையாது.

கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "இந்த ஊர்லயே பெரிய மரியாதை எனக்குத்தான், பாரு. அரைக் கிண்ணம் ஊத்தினா 'இருந்து பேசு'ன்னு அர்த்தம். எனக்கு அதுலயும் பாதி. டாக்டருக்கு என்னை அனுப்ப மனசே இல்ல."

"நிறைச்சு ஊத்தினாத்தானே போகச் சொல்றதா அர்த்தம். நான் ஊத்த மாட்டேன். நீங்க இங்கயே கெடங்க."

"கெடக்கிறேன். வீட்டுச் சொந்தக்காரி விடணும்ல."

விருந்தில் பேசியதை ராபிகா அவரிடம் சொல்லவில்லை. ஆனால் ஊர் சொல்லியிருக்கும். இந்த ஊரில் ரகசியம் பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொன்றும் அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை ஆபீஸில் ஒரு பட்டியலைக் கொடுத்து, காலி பண்ணச் சொல்லி போன் போடச் சொன்னார்கள். அதில் ஒருத்தி பேர் ஷினார். ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் ஒற்றை அறை, இரண்டு பிள்ளைகள். ராபிகா பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: வீட்டுக்காரரின் தம்பி வருகிறார், அவருக்கு வீடு வேண்டும். அந்தப் பெண் கத்தவில்லை, அழவில்லை. "அந்தத் தம்பி பேரு என்னக்கா?" என்று மட்டும் கேட்டாள். ராபிகாவுக்குச் சட்டென்று ஒரு பேர் வாயில் வரவில்லை. "புரியுதுக்கா" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

பத்து மணிக்கு ஷரிபாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"சம்பந்தி, ரெண்டு மணிக்கு வீட்ல இருப்பீங்களா? டீ குடிச்சு ரொம்ப நாளாச்சு."

ரெண்டு மணிக்குக் கைரொல்லா ஆஸ்பத்திரியில் இருப்பார். அது ஷரிபாவுக்கும் தெரியும். வேலை நாளில், ஆம்பளை இல்லாத நேரத்தில், சம்பந்தியம்மா டீ குடிக்க வருகிறாள் என்றால் டீக்காக வரவில்லை. ராபிகா ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மாவு பிசைந்தாள். எது எப்படியானாலும் சம்பந்திக்குச் சுடச்சுட பவுர்சாக் பொரித்து வைக்காமல் இருக்க முடியாது. எண்ணெயில் மாவு உருண்டைகள் உப்பி வருவதைப் பார்த்துக்கொண்டே, மார்ச் வரைக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம், குளிர்காலம் முடியட்டும் என்று கேட்டுப் பார்க்கலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

ஷரிபா சொன்ன நேரத்துக்கு வந்தாள். கையில் ஒரு பெட்டி மிட்டாய், ஒரு பூப்போட்ட துணி. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாதே. கன்னத்தோடு கன்னம் வைத்து நலம் விசாரித்தாள். அய்னாஷுக்குப் பால் நன்றாக ஊறுகிறது, பேரன் ராத்திரியில் தூங்குகிறான், ஆட்டுக்கறி விலை ஏறிவிட்டது, இரத்த அழுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேசும்போதே கண் ஜன்னல் கைப்பிடியில் நின்றது, திரையில் நின்றது, சுவரில் ஈரம் பூத்த மூலையில் நின்றது. வீடு பார்க்க வருகிறவர்களின் கண் எங்கே எங்கே நிற்கும் என்று ராபிகாவுக்குத் தெரியும். அவள் தொழிலே அது.

முதல் கிண்ணம் போனது. இரண்டாவது போனது. ஒவ்வொரு தடவையும் ராபிகா பால் விட்டு, கறுத்த டீச்சாறு விட்டு, கொதிநீர் விட்டு, அரைக்கும் கீழாகவே ஊற்றிக் கொடுத்தாள். அடுப்படி கதகதப்பாக இருந்தது. குளிருக்கு வீடுகளைச் சூடாக்கும் ஊர்க் குழாய்களில் இன்னும் சுடுநீர் விடவில்லை. அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வீட்டில் சூடு இருந்த ஒரே இடம் இந்த மேஜைதான்.

மூன்றாவது தடவைக்குக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே ஷரிபா சொன்னாள்.

"சம்பந்தி, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. எங்க சின்னவன் வர்றான். அவனுக்கு வீடு வேணும்."

எழுத்துப் பிசகாமல் சொன்னாள். சின்னவன் மக்சாத் எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருக்கிறான். அவன் வரவில்லை, வரப்போவதும் இல்லை. அது ஷரிபாவுக்குத் தெரியும், ராபிகாவுக்கும் தெரியும். ராபிகாவுக்குத் தெரியும் என்பதும் ஷரிபாவுக்குத் தெரியும். இருந்தும் அந்த வார்த்தையையே சொன்னாள், அதுதான் கௌரவமான வழி என்று நினைத்து. அப்படிச் சொல்லிக் கொடுத்தவளே ராபிகாதானே.

அந்த நேரத்தில் அவள் கையில் கெண்டி இருந்தது. சாய்ந்த கெண்டி நிமிரவில்லை. பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, விளிம்பைத் தொட்டது, ஒரு கோடு வழிந்து மேஜை விரிப்பில் இறங்கியது. அப்புறம்தான் நிறுத்தினாள். நிறுத்திய கை, பழக்கதோஷத்தில், அந்தக் கிண்ணத்தை எடுத்து ஷரிபாவிடம் நீட்டியும் விட்டது.

வேண்டுமென்றே ஊற்றினாளா? பின்னால் எத்தனையோ தடவை அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். கை தானாகப் போனது என்றுதான் சொல்ல முடிந்தது. ஆனால் போன கையை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றும் அப்போது தோன்றவில்லை.

ஷரிபா கிண்ணத்தை வாங்கவில்லை. வழிந்த ஈரத்தையே பார்த்தாள்.

"சரி. என் வீட்ல ஒக்காந்துக்கிட்டு என்னையே எழுந்து போகச் சொல்றீங்க."

"ஐயோ சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. கை தவறிடுச்சு."

"தவறும். முப்பது வருஷமா டீ ஊத்துற கை, இன்னிக்கித்தான் தவறணும்னு இருக்கு."

அவள் எழுந்தாள். ராபிகா அவசரமாகப் பவுர்சாக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். சம்பந்தியை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. ஷரிபா பொட்டலத்தை வாங்கவில்லை. மேல்சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள், கடைசிப் பொத்தான் வரை. கதவை மட்டும் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருந்தால் ராபிகாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலு மணிக்கு அய்னாஷ் கூப்பிட்டாள். குளியலறைக்குள்ளிருந்து பேசுகிறாள் என்று தெரிந்தது; பின்னால் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, என்னம்மா பண்ணினே?"

"ஏண்டி, என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. அதான் பயமா இருக்கு. வந்ததும் ரூமுக்குள்ள போய் எர்போலுக்கு போன் போட்டு அரை மணி நேரம் பேசினாங்க. அப்புறம் அவரு எனக்கு போன் போடுறாரு. 'ஒங்கம்மா எங்கம்மாவுக்கு நிறைச்சு ஊத்தினாங்களாமே'ன்னு. வேற எதுவும் கேக்கல."

மருமகன் எர்போல் எண்ணெய் வயலில் வேலை பார்க்கிறான். பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் வீடு. இப்போது போய் மூன்று நாள்தான் ஆகிறது. இன்னும் பன்னிரண்டு நாள் அந்த வீட்டில் அய்னாஷ், கைக்குழந்தை, ஷரிபா.

"நான் இங்கதான்மா இருக்கணும்" என்றாள் அய்னாஷ். குரல் உடையவில்லை. சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான், அழவேண்டிய நேரத்தில் அழமாட்டாள். "நீங்க ரெண்டு பேரும் எங்க போவீங்கன்னு எனக்குத் தெரியல. ஆனா நான் இங்கதான் இருக்கணும்."

"நான் வர்றேன். வந்து மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"கேட்டா விடுவாங்களா?"

"தெரியாது. வர்றேன்."

அலமாரியின் அடியிலிருந்து ஒரு புதுச் சால்வையை எடுத்தாள். இந்த மாதிரி நாளுக்கென்று வைத்ததல்ல, நல்ல நாளுக்கு வைத்தது. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் விளக்குக் கம்பம் தோறும் காகிதம். 'வீடு தேவை, சுத்தமானவர்கள், குடிக்க மாட்டோம்.' பூங்கா பெஞ்சுகளில் முதுகுப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். அவர்கள் வந்து இறங்கிய முதல் நாளில் ராபிகாவும் ஒரு பானை சூப்பைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனவள்தான். பிள்ளையைச் சாகக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? இப்போதும் அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலை, அதை யார் மேலாவது இறக்கி வைத்திருக்கலாம்.

ஷரிபா வீட்டில் தாழ்ந்த மேஜை போட்டிருந்தது. மருமகள் முறைப்படி அய்னாஷ் தலையில் துணி கட்டி, டீக்கு வெந்நீர் கொதிக்கும் கலனுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அடுத்த அறையில் தூங்கியது. அம்மாவைப் பார்த்ததும் அய்னாஷ் எழுந்து வரவில்லை. கண்ணால் மட்டும் வரவேற்றாள்.

ராபிகா சால்வையை ஷரிபாவின் தோளில் போர்த்தினாள். "தப்பு என் பேர்ல சம்பந்தி. மனசுல வெச்சுக்காதீங்க."

ஷரிபா சால்வையைத் தோளிலிருந்து எடுத்து, மடித்து, பக்கத்தில் வைத்தாள். ஏற்றுக்கொண்டாளா இல்லையா என்று சொல்ல முடியாதபடி வைத்தாள். "ஒக்காருங்க. டீ குடிங்க."

அய்னாஷ் அம்மாவுக்கு ஊற்றினாள். கால் கிண்ணம். ராபிகா குடித்தாள். மறுபடி ஊற்றினாள். இந்தத் தடவை இன்னும் குறைவு, அடியில் ரெண்டு மடக்கு. இரு, இரு, போகாதே என்று மகள் சொல்வது அம்மாவுக்கு மட்டும் கேட்டது.

"நான் கெட்டவ இல்ல சம்பந்தி" என்றாள் ஷரிபா. "மூணரை லட்சம்னு நீங்க சொன்ன அன்னிக்கி எனக்குத் தூக்கமே வரல. எர்போல் தலைமேல எவ்வளவு கடன்னு ஒங்களுக்கும் தெரியும். இந்த மாதிரி வாடகை ஒரு வருஷம் வந்தா அவன் அந்த வயலுக்குப் போகவே வேணாம். ஒங்க பொண்ணு கூட, அவன் புள்ள கூட இருப்பான். இது எனக்கு மட்டுமா?"

நியாயம் பேசுகிற எதிரியை என்ன செய்வது? ஒத்திகை பார்த்து வைத்ததை மட்டும் ராபிகா சொன்னாள்.

"மார்ச் வரைக்கும் குடுங்க. பனி விழப்போகுது. அவரால பஸ் ஏறிப் போய்ட்டு வரமுடியாது சம்பந்தி. ஊசி போட்டு எடுத்தப்புறம் அவரால நிக்கவே முடியறதில்ல. சம்பளத்துலருந்து இன்னும் முப்பதாயிரம் கூடத் தர்றேன்."

ஷரிபா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. மத்தியானம் மேஜை விரிப்பில் இறங்கிய அந்த ஈரத்தைத்தான் அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ராபிகாவுக்குத் தோன்றியது.

"அய்னாஷ்" என்றாள் ஷரிபா. "ஒங்கம்மாவுக்கு ஊத்து. நிறைச்சு ஊத்து. அப்புறம் அவங்களுக்கு பஸ் கெடைக்காது."

அய்னாஷின் கை கெண்டியின் பிடியில் இருந்தது. ஊற்றினால், பெற்றவளைத் தன் கையாலேயே வீட்டை விட்டு அனுப்பியவள் ஆவாள். அந்தக் கிண்ணத்தை இரண்டு குடும்பமும் ஆயுசுக்கும் மறக்காது. ஊற்றாவிட்டால், இந்தக் கூரையின் கீழ் இனி ஒவ்வொரு விடியலும் சண்டை. அவள் அம்மாவைப் பார்த்தாள். கெண்டி மேஜையிலிருந்து ஒரு விரல் அளவு உயர்ந்தது. அது முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

ராபிகா தன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"போதும்மா. வயிறு நெறைஞ்சிடுச்சு." பிறகு ஷரிபாவிடம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடறோம் சம்பந்தி. ஆளும் நானே பாத்துத் தர்றேன். கமிஷன் வேணாம். நமக்குள்ள என்ன கமிஷன்?"

"நீங்க சொன்னா சரி" என்றாள் ஷரிபா. இப்போதுதான் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அய்னாஷ் கெண்டியைக் கீழே வைத்தாள். ராபிகா வாசலில் செருப்பு மாட்டும்போதும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டில் கைரொல்லா சோபாவில் படுத்திருந்தார். இடது கையில் முழங்கைக்குக் கீழே கட்டு. கட்டைச் சுற்றி நீலமாக வீங்கியிருந்தது.

"என்னங்க இது?"

"நாலு தடவை குத்தினாங்க. புதுப் பொண்ணு, கை நடுங்குது, பாவம். எப்பவும் போடுற நர்ஸ் இல்ல. கொசு கடிச்ச மாதிரிப் போடுவான்னு சொல்லுவேன்ல, அவ வேலைய விட்டுட்டு ரெண்டு புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு சொந்த ஊருக்குப் போயிட்டாளாம். வீட்டுக்காரனோட தம்பி வர்றான்னு காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். வேற வீடு கெடைக்கலயாம்."

ராபிகா மேல்சட்டையைக் கழற்றாமல் நின்றாள். "அவ பேரு?"

"ஷினார். ஏன், ஒனக்குத் தெரியுமா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வீங்கிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை சொன்ன பொய் மூன்று நாளில் திரும்பி வந்து தன் புருஷன் கையிலேயே நாலு தடவை குத்தியிருக்கிறது. சொன்னால் அவர் என்ன சொல்வார்? ஒன்றும் சொல்லமாட்டார், ஏதாவது சிரிப்பாகச் சொல்லி மூடிவிடுவார். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

"ஞாயித்துக்கிழமை காலி பண்றோம்" என்றாள் அதற்குப் பதிலாக. ஷரிபா வீட்டில் நடந்ததைச் சொன்னாள். கவிழ்த்த கிண்ணத்தையும் சொன்னாள்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "எங்க போறோம்?"

"தெரியல."

"என் தம்பி ஊரு இருநூறு கிலோமீட்டர். போக இருநூறு, வர இருநூறு, வாரத்துக்கு மூணு தடவை." அவர் கொஞ்சம் சிரித்தார். "லாரி ஓட்டின காலத்துல கூட இவ்வளவு ஓடினதில்ல."

ராபிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் இப்போது எந்தத் தெருவில் எந்த வீடு காலி, என்ன விலை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருக்கமாட்டார்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் ஒன்றுகூட இல்லை என்பதும் அதனாலேயே அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஆபீஸ் அவளுடைய எண்ணைக் கொடுத்திருந்தது. இளம் பெண் குரல், மரியாதையான ரஷ்யப் பேச்சு. அவளும் அவள் கணவனும். நாலு ராத்திரி மசூதிக் கூடத்தில் படுத்தார்களாம். பணம் இருக்கிறதாம், வீடுதான் இல்லையாம்.

ராபிகா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். "ஒரு வீடு இருக்கு" என்றாள். "ரெண்டு ரூம், மூணாவது மாடி. வெளிச்சம் நல்லா வரும். அடுப்படி தெற்குப் பாத்தது, குளிர்காலத்துல அங்கதான் கதகதப்பா இருக்கும். ஆஸ்பத்திரி பக்கத்துல. நடந்தே போயிடலாம்."

"இப்ப அங்க யாராவது இருக்காங்களா?"

சோபாவில் கைரொல்லா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"இல்ல" என்றாள் ராபிகா. "யாரும் இல்ல. காலியாத்தான் இருக்கு."

அவர்கள் பக்கத்துத் தெருவில்தான் நிற்கிறார்களாம். இப்போதே வந்து பார்க்கலாமா என்று கேட்டாள் அந்தப் பெண். வாருங்கள் என்று முகவரியைச் சொல்லிவிட்டு ராபிகா போனை வைத்தாள். கைரொல்லா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். மேஜை மேலிருந்த தன் மாத்திரை டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, நோயாளி இருக்கிற வீடு என்று தெரியாதபடி, அலமாரிக்குள் வைக்க ஆரம்பித்தார். ஒற்றைக் கையால் வைத்தார். அவள் உதவிக்குப் போகவில்லை. போனால் இரண்டு பேரும் உடைந்துவிடுவார்கள் என்று தெரியும்.

மறுபடி தொலைபேசி சிணுங்கியது. இந்தத் தடவை அய்னாஷின் குறுஞ்செய்தி.

'அம்மா, நீ போனப்புறம் அத்தை அவங்க கிண்ணத்த என்கிட்ட நீட்டினாங்க. நிறைச்சு ஊத்திட்டேன். வழிய வழிய ஊத்திட்டேன். புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்மா. டாக்ஸி ஒங்க தெருவுக்குள்ள திரும்புது.'

ராபிகா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு புருஷனிடம் நீட்டினாள். அவர் தூரத்தில் பிடித்துப் படித்தார். கையிலிருந்த கடைசி மாத்திரை டப்பாவை அலமாரிக்குள் வைக்காமல், மறுபடி மேஜை மேலேயே வைத்தார்.

கீழே வாசல் கதவு திறந்து மூடும் சத்தம். படியில் காலடி. ஒருவரா, இரண்டு பேரா, பிள்ளையைத் தூக்கியவளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதல் மாடி. இரண்டாம் மாடி. ராபிகா கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறக்கக் கை வரவில்லை.

"யாரு, அவங்களா? நம்ம பொண்ணா?" என்றார் கைரொல்லா பின்னாலிருந்து.

"தெரியலங்க."

மணி அடித்தது.

"யாரா இருந்தா என்ன, தெற" என்றார் அவர். "வெளியில குளிருது."